எஸ்.பி. மீட்டிங்கில் என்ன கேட்கிறார்?

சாத்தான்குளம் என்றாலே, போலீஸ் பிடித்துப்போய் அடித்ததில் உயிரிழந்த தந்தை, மகன் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரின் முகமும்தான் கண்முன் வரும். எனக்கு அதோடு இன்னொரு காட்சியும் மறக்கவே மாட்டேன் என்கிறது. 2020 ஜூன் கடைசியில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி நீதித்துறை நடுவர் அந்த ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போகிறார். கேட்ட ஆவணம் கைக்கு வரவில்லை. சிசிடிவி ஹார்டு டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி வைத்திருக்கிறார்கள். ஒரு காவலர் நடுவரையே ஒருமையில் இழிவாகப் பேசுகிறார். அந்த நேரம் ஏ.டி.எஸ்.பி.யும் டி.எஸ்.பி.யும் அதே வளாகத்தில்தான் இருந்தார்கள்.

நடுவர் உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் இருப்பவை இவை. இரண்டு உயரதிகாரிகள் இருக்கும் இடத்தில் ஒரு காவலருக்கு அந்தத் தைரியம் எப்படி வந்தது? ஐயா ஒன்றும் கேட்க மாட்டார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதே ஸ்டேஷனில் ஒரு பெண் தலைமைக் காவலர் நடந்ததை நடந்தபடி சொன்னார். வெளியே நின்ற சக போலீஸ்காரர்களின் பேச்சைக் கேட்டு, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவே பயந்தார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம்தான் உத்தரவிட வேண்டியிருந்தது. அடித்தவர்களுக்கு இருந்த தைரியம் உண்மை சொன்னவருக்கு இல்லாமல் போனதே, இதற்கு அவருக்கு மேலே இருந்த ஒவ்வொரு அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு லாக்கப் மரணத்துக்குப் பிறகும் போலீஸுக்கு மனிதநேயப் பயிற்சி கொடுங்கள் என்கிறோம். கொடுக்கட்டும். ஆனால் பயிற்சி முடித்து வரும் பையன் ஸ்டேஷனில் ஏட்டையாவைப் பார்த்துத்தான் தொழில் கற்கிறான். ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற என் மாமா சொல்வார்: மாதாந்திர கிரைம் மீட்டிங் முடிந்து இன்ஸ்பெக்டர் திரும்பும்போது ஜீப் கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே ஸ்டேஷனுக்கு விஷயம் புரிந்துவிடுமாம். "ரெக்கவரி எத்தனை பவுன்?" என்று, திருட்டு நகையில் எவ்வளவு மீட்டார்கள் என்பதை எஸ்.பி. கேட்டிருப்பார். எப்படி எடுத்தீர்கள் என்று ஒரு அதிகாரி கேட்டு அவர் பார்த்ததே இல்லையாம். அன்று ராத்திரி சந்தேகத்தில் பிடித்து வந்த எவனோ ஒருவன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வான், உடம்பால்.

2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாருக்கு நடந்தது இதுதான். நகை காணவில்லை என்று ஒரு புகார். தனிப்படை வந்து விசாரணை என்ற பெயரில் அடித்தே கொன்றது. ஐந்து போலீஸ்காரர்கள் கைது, டி.எஸ்.பி. சஸ்பெண்ட், எஸ்.பி. காத்திருப்போர் பட்டியலுக்கு, வழக்கு சிபிஐக்கு. அதன் பிறகுதான், முறையான அனுமதி இல்லாமல் இயங்கும் தனிப்படைகளையெல்லாம் கலைக்கச் சொல்லி டிஜிபி உத்தரவு போட்டார். அதுவரை அந்தப் படைகள் யாருக்கு வேலை பார்த்தன? ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை என்று அழும் துறையில், அத்தனை காவலர்கள் சாதாரண உடையில் ஒரு அதிகாரியின் கீழ் சுற்றுவது மேலே இருப்பவருக்குத் தெரியாமல் நடக்குமா? கைதானவர்கள் தண்டனை பெறட்டும். அந்தப் படையை வைத்துக்கொண்டவர்களின் பொறுப்பு ஒரு பணியிட மாற்றத்தோடு தீர்ந்துவிடக் கூடாது.

போலீஸ் சீர்திருத்தம் கேட்டுத் தொடுத்த பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் வழி சொல்லிவிட்டது. போலீஸ் மீதான புகாரை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான ஆணையம் விசாரிக்க வேண்டும் என்றது. நம் மாநிலம் 2013-ல் போட்ட சட்டத்தில் அந்த நாற்காலியில் உள்துறைச் செயலாளரை உட்கார வைத்தார்கள், மாவட்டத்தில் கலெக்டரை. துறையை நடத்துகிற அரசே துறை மீதான புகாரையும் விசாரித்தால் எந்த ஏழை நம்பிப் போவான்?

கீழே இருப்பவர்களை நடத்தும் விதமும் இதில் சேர்த்திதான். காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979-லேயே அரசு ஒழித்தது. 2022-லும் சென்னை உயர் நீதிமன்றம் அதற்காகக் கண்டிக்க வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்டிய காவலர் மறுநாள் ஸ்டேஷனில் மக்களை மரியாதையாக நடத்துவார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

எஸ்.பி.க்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டேஷனுக்குப் போகட்டும். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார், கைது காட்டியாயிற்றா, வீட்டுக்குத் தகவல் போனதா, கேமரா ஓடுகிறதா என்று ஸ்டேஷன் பதிவேடுகளை எழுதும் ரைட்டரிடம் கேட்கட்டும். கிரைம் மீட்டிங்கிலும் ரெக்கவரிக்கு முன்னால் இதைக் கேட்கட்டும். தன் மாவட்டத்தில் காவலில் ஒரு உயிர் போனால் அது அந்த எஸ்.பி.யின் பணிப்பதிவேட்டில் ஏற வேண்டும், அடுத்த பதவி உயர்வின்போது அதை எடுத்துப் படிக்க வேண்டும்.