முடியாது என்று சொல்ல முடிகிறதே, அதற்காகத்தான் தனியாக இருக்கிறேன்

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் பசுந்தேயிலை கொள்முதல் செய்யும் ஏஜென்ட்களுக்கான கணக்கு ஆப் ஒன்றை எழுதி விற்கிறேன். எழுதுவது, விற்பது, போனில் பதில் சொல்வது, பிரிண்டர் மக்கர் செய்தால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது எல்லாம் நான் ஒருவன்தான். இதைக் கேள்விப்படும் ஐடி நண்பர்கள் முதலில் கேட்பது, "இதுக்கு மார்க்கெட் எவ்வளவுடா?" அடுத்து, "எப்போ பெருசாக்கப் போறே?" இரண்டுக்கும் ஒரு நாள் உட்கார்ந்து ஒழுங்காகப் பதில் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு மழை, கரண்ட் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

மார்க்கெட் சின்னதுதான். இப்போது இருக்கும் வடிவத்தில் இந்த ஆப்புக்கு நீலகிரியை விட்டு இறங்கினால் வேலை கிடையாது. ஆனால் வேலை இருக்கும் இடத்தில் அதன் தேவை என்ன என்பதைத் தொழில் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பறித்த இலையை அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். சாக்கில் அடைத்து வைத்தால் சூடேறிச் சிவந்து போகும். சிறு விவசாயிக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. அதனால் ஹட்டிக்கு, அதாவது படுகர் கிராமத்துக்குப் பக்கத்திலோ ரோட்டோரத்திலோ ஒரு ஷெட், அங்கே ஒரு தராசு, ஒரு ஏஜென்ட். அவர் எடை போட்டு வண்டியில் ஏற்றித் தொழிற்சாலைக்கு அனுப்புவார். கூட்டுறவு இணையமான இன்கோசர்வின் 16 தொழிற்சாலைகளுக்கு நேராகப் போகும் இலை ஒரு பக்கம், தனியார் தொழிற்சாலைகளுக்கு இப்படி ஏஜென்ட் வழியாகப் போகும் இலை இன்னொரு பக்கம். நாலு, நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும். அந்தத் தூள் குன்னூர் ஏலத்துக்கு வாரா வாரம் வருகிறது. ஏலத்தில் கிடைத்த விலையைப் பார்த்து, இலைக்கான மாதாந்திரக் குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. ஆக, ஷெட்டில் சாக்கை இறக்கி வைக்கும் விவசாயி, தன் கையில் என்ன வரப்போகிறது என்று தெரியாமல்தான் வீட்டுக்குப் போகிறார். மாதம் முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் அது முடிவாகும். நடுவில் பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் என்று முன்பணம் வாங்கியிருப்பார், உரம் கடனுக்கு எடுத்திருப்பார். எல்லாம் கழிந்து மீதிதான் கைக்கு வரும்.

இதில் ஒவ்வொரு நாளும் நடக்கும் வாக்குவாதம் இரண்டு. சாக்குக்கு எவ்வளவு கழிப்பது, ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது. கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரில் ஆரம்பித்தால் இலை நனைந்தபடியேதான் ஷெட்டுக்கு வரும். தண்ணீரைச் சேர்த்து எடை போட்டால் ஏஜென்ட்டுக்கு நஷ்டம், ஏனென்றால் தொழிற்சாலையில் அவருக்கும் கழிப்பார்கள். கண்மதிப்பில் கழித்தால் விவசாயிக்கு வயிறு எரியும்.

"இதுக்கெல்லாம் டாலி இருக்கே" என்பவர்கள் இந்த இடத்தில்தான் வருவார்கள். எனக்கு டாலி மேல் மரியாதை உண்டு. 1986இல் பெங்களூரில், ஆலைகளுக்குப் பொருள் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா தன் தொழிலுக்கு ஒத்துவரும் கணக்கு மென்பொருள் கிடைக்காமல் தவித்தபோது, மகன் பரத் கோயங்கா எழுதிக் கொடுத்ததுதான் அதன் ஆரம்பம். ஒரே ஒரு வியாபாரத்தின் தேவையிலிருந்து வந்தது அது. ஆனால் ஷெட் வாசலில் மழையில் நின்றுகொண்டு, ஒரு கையில் சாக்கையும் மறு கையில் போனையும் பிடித்திருப்பவருக்கு டாலி எதற்கு? அவருக்கு வேண்டியது விவசாயியின் கணக்குப் புத்தக எண், எடை, கழிவு, சீட்டு. இந்த நான்கும் சிக்னல் இல்லாத இடத்திலும் நடக்க வேண்டும்.

சீட்டு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் உழைப்பில் பெரும்பகுதி அந்த ஒரு துண்டுக் காகிதத்துக்குத்தான் போயிருக்கிறது. பஸ் கண்டக்டர் கையில் இருப்பது மாதிரியான சின்ன தெர்மல் பிரிண்டர், 58 மில்லிமீட்டர் பேப்பர். நான் பார்த்த மலிவு மாடல்கள் எதிலும் உள்ளே தமிழ் எழுத்துரு இல்லை. ஆங்கிலத்தை அனுப்பினால் அச்சாகும், தமிழை அனுப்பினால் கேள்விக்குறியோ கிறுக்கலோதான் வரும். எழுத்துருவை ஏற்றினாலும் தீராது. "கொ" என்று எழுத, மெய்க்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் வர வேண்டும். அந்த வரிசையை மாற்றிக் கோக்கும் வேலையை பிரிண்டர் செய்யாது. அதனால் முழுச் சீட்டையும் போனிலேயே ஒரு படமாக வரைந்து, வரிக்கு 384 புள்ளிகள் என்று நறுக்கி ப்ளூடூத்தில் அனுப்ப வேண்டியிருக்கிறது. பெரிய படமாக ஒரேயடியாக அனுப்பினால் சில பிரிண்டர்கள் பாதியில் திணறி நின்றுவிடும். துண்டு துண்டாக, நடுவில் சின்ன இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும். எந்த மாடலுக்கு எவ்வளவு இடைவெளி என்பது எந்த மேனுவலிலும் கிடையாது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஆங்கிலத்திலேயே அடிச்சுட்டுப் போயேன்" என்றார்கள். மாட்டேன். அறுபது வயது அக்கா ஒருவர் சீட்டை வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து, "மொத்தம்... சாக்கு... ஈரம்... நிகரம்" என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஈரத்துக்கு ஏன் தம்பி இவ்வளவு?" என்று ஏஜென்ட்டை நேராகக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏஜென்ட் சாக்கைத் திறந்து இலையை அள்ளிக் காட்டினார். இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆங்கிலத்தில் அடித்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குப் பணம் கொடுப்பவர் ஏஜென்ட். ஆனால் என் ஆப் போடும் கணக்கில் வாழ்கிறவர் விவசாயி. அவர் எனக்கு வாடிக்கையாளர் இல்லை, அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. இந்த மாதிரி மென்பொருள் எழுதும் ஒவ்வொருவருக்கும் இந்தச் சிக்கல் வரும்: காசு கொடுப்பவர் கேட்பது ஒன்று, கணக்கில் அடிபடுபவருக்கு நியாயம் வேறொன்று.

எனக்கும் வந்தது. நல்ல வியாபாரம் உள்ள ஏஜென்ட் ஒருவர். பல ஷெட் வைத்திருப்பவர், எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்குவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. அன்றாடச் சீட்டில் முழு எடை வர வேண்டும், மாதக் கடைசியில் மொத்தத்தில் ஒரு சதவீதம் தானாகக் குறைந்துவிட வேண்டும், அது எங்கேயும் தெரியக் கூடாது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலை அவரிடம் கழிக்கிறது, டீசல் விலை ஏறுகிறது, கமிஷன் ஏறவில்லை. அவருக்கும் இழப்பு இருக்கிறது. கழித்துக்கொள்ளுங்கள், அதைத் தனி வரியாகக் காட்டித் தருகிறேன் என்றேன். "காட்டினா எவன் எனக்கு இலை போடுவான்?" என்றார். அப்படியானால் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் இன்றுவரை நோட்டில்தான் எழுதுகிறார்.

அப்புறம் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து பேசினார்கள். எந்த விவசாயி மாதம் எவ்வளவு இலை போடுகிறார், எவ்வளவு முன்பணம் வாங்குகிறார் என்ற விவரம் கொடுத்தால் ஆளுக்கு இவ்வளவு என்று எனக்குப் பணம் தருவார்களாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. சட்டம் வராவிட்டாலும் மாட்டேன் என்பதுதான் என் பதில். ஒரு மனிதர் மழை மாதத்தில் எவ்வளவு கடன் வாங்கினார் என்பது அவருக்கும் ஏஜென்ட்டுக்கும் நடுவில் உள்ள விஷயம். அதை விற்க நான் யார்?

இந்த இரண்டு இடத்திலும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெளியிலிருந்து முதலீடு வாங்கியிருந்தால் கதை வேறு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வளர்ச்சி காட்ட வேண்டும். பல ஷெட் ஏஜென்ட்டைத் திருப்பி அனுப்பியதற்கு விளக்கம் கொடுக்க வேண்டும். தரவை விற்பது "வருமான வாய்ப்பு" என்று ஒரு ஸ்லைடில் ஏறியிருக்கும். முதலீட்டாளர்கள் எல்லாரும் மோசம் என்பதல்ல என் வாதம். ஆயிரம் ரூபாய் போட்டால் பத்தாயிரம் எதிர்பார்க்கும் பணம் அது, அதன் இயல்பு அப்படி. சின்னச் சந்தைக்குள் அவ்வளவு பெருக வேண்டுமானால் அங்கே இருக்கும் எளியவர் பையில்தான் கை வைக்க வேண்டிவரும். "எப்போ பெருசாக்கப் போறே" என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

சின்னதாக இருந்தாலும் இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். ஒரு ஷெட்டுக்கு வருடத்துக்கு 3,600 ரூபாய் வாங்குகிறேன். மாதம் 300. அதைக் கொடுக்கத் தயங்குபவருக்கு இந்த ஆப் உண்மையில் தேவைப்படவில்லை என்று அர்த்தம். இலவசமாகக் கொடுத்துவிட்டு வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி தேடினால், அந்த வழி கடன் கம்பெனி வாசலில் போய் முடியும்.

ஏஜென்ட்கள் கேட்கும் ஒரு கேள்வி மட்டும் என்னைத் தூங்கவிடாது. "தம்பி, நீ ஒருத்தன்தானே, நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க கணக்கு?" நியாயமான கேள்வி. இதற்கு வாயால் ஆறுதல் சொல்லக் கூடாது, செய்து காட்ட வேண்டும். அவர்கள் கணக்கு முழுவதும் அவர்கள் போனிலேயே எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் கோப்பாக இருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் 2000இல் ஆரம்பித்து, இன்றும் மிகச் சிறிய குழுவாகப் பராமரிக்கும் மென்பொருள் அது. எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், 2050 வரை பார்த்துக்கொள்வதாக அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அது போக, மாதாமாதம் கணக்கு முடிந்ததும் எக்செல்லில் திறக்கக்கூடிய ஒரு பிரதி தானாக ஏஜென்ட்டின் மெயிலுக்குப் போய்விடும். சந்தா கட்டாவிட்டால் புதிய எடை போட முடியாது, பழைய கணக்கு எப்போதும் திறக்கும். மூல நிரல் குன்னூரில் இருக்கும் நண்பன் ஒருவனிடமும் இருக்கிறது. தனியாளாக மென்பொருள் விற்கும் யாரும் இதைச் செய்யாமல் முதல் ரூபாயை வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

ஏஐ வந்துவிட்டதே, இனி இந்த மாதிரி ஆப்பை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாமே என்கிறார்கள். எழுதட்டும், நல்லதுதான். நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஒரே ஹட்டியில் ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள், அதனால் பெயரை வைத்துத் தேடக் கூடாது, புத்தக எண்ணையும் அப்பா பெயரையும் வைத்துத்தான் தேட வேண்டும் என்பதை அது தானாகச் சொல்லவில்லை. ஷெட்டில் நின்றால்தான் அது தெரியவரும்.

இதையெல்லாம் எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த மலைகளில் இன்னும் நோட்டுப் புத்தகத்தில் ஓடும் தொழில்கள் நிறைய. கேத்தி பாலாடாவில் கேரட் கழுவி மூட்டை போட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும் கணக்கு ஒன்று. அந்தப் பக்கம் பழனி மலையில், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் வடுகபட்டி சந்தைக்கு இறங்குகிறதே, அந்தக் கணக்கு இன்னொன்று. அந்தத் தொழில்கள் எனக்குத் தெரியாது, நான் தொடப்போவதும் இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் யாராவது, அப்பாவோ மாமாவோ அந்தத் தொழிலில் இருந்து, கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்களாக இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். தமிழில் சீட்டு அடிக்கும் பகுதியின் நிரல் முழுவதையும், எந்த பிரிண்டருக்கு எவ்வளவு இடைவெளி என்ற பட்டியலோடு சும்மாவே தருகிறேன். முதல் சீட்டு சரியாக வரும்வரை போனிலும் கூட இருக்கிறேன். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை மட்டும் கூப்பிட வேண்டாம், அது ஷெட்டில் எடை போடும் நேரம்.