அந்தக் கைதட்டலைப் பற்றி

ஞாயிற்றுக்கிழமை நடந்த விருது விழாவின் காணொளியை நீங்கள் அனைவரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கு அனுப்பிவைத்தவர்களே பதினோரு பேர். விருது பெற்றவரின் மகன், "நாங்கள் தூங்கிய பிறகுதான் அப்பா வருவார், எழுவதற்குள் போய்விடுவார்" என்று மேடையில் சொன்னதும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பிள்ளை சொன்னது ஒரு குறை. அதைப் பாராட்டாக மாற்றிக்கொண்டவர்கள் நாம்.

அவருடைய உழைப்பை நான் இழிவுபடுத்தவில்லை. உள்ளுக்குள் வற்றிப்போவதைத் தியாகம் என்று அழைக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை வரையறுத்தபோது களைப்போடு நிறுத்தவில்லை. வேலையிலிருந்து மனம் விலகுவதையும் கசந்துபோவதையும் திறன் குன்றுவதையும் சேர்த்தே சொன்னது. அந்த வரையறை பணியிடத்தோடு நின்றுவிடுகிறது. மனம் விலகியவன் அதைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டா வீட்டுக்குள் வருகிறான்?

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரின் வேலையை இரவு பகலாகச் சுமந்துகொண்டிருந்த நாள்களில், தன் அம்மாவுக்குப் புற்றுநோய் உறுதியாகிவிட்டது என்று என் மனைவி வந்து சொன்னார். மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி, அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவன் என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தார்கள். அது நிதானம் அன்று, மரத்துப்போனது.

பெண்களுக்கு இந்தச் சோர்வு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, கூடுதலாகவே உண்டு. ஆனால் பிள்ளை விழித்திருக்கையில் வீடு திரும்பாத தாய்க்காக எந்த அரங்கமும் எழுந்து நிற்காது, திட்டத்தான் செய்யும். இது வயிறு நிறைந்தவனின் புலம்பல் என்பீர்களானால், இருக்கட்டும். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொன்னபோது, மேலாளர்களுக்கு மட்டும் தள்ளுபடி உண்டென்று நான் எங்கும் படிக்கவில்லை.

"திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" என்று ஒருவர் எனக்கு ஔவையை நினைவூட்டியிருக்கிறார். நன்றி ஐயா. தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை என்பதும் அதே கொன்றை வேந்தன்தான். தந்தையின் சொல்லே காதில் விழாத பிள்ளை எந்த மந்திரத்தைப் பிடித்துக்கொள்வான்?

வேலையைக் குறைத்துக்கொண்டாயே, எல்லாம் சரியாகிவிட்டதா என்று சிலர் அன்போடு கேட்கிறார்கள். மாமியார் நலமாக இருக்கிறார். என் மனைவி இன்றும் எந்தச் செய்தியையும் முதலில் தன் தங்கையிடம்தான் சொல்கிறார். எனக்கு இரண்டாம் நாள் தெரியவருகிறது.