கடனாகக் கொடுத்தால் அது உதவியா?

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் நிதி திரட்டித் தரும் என்று 2024இல் பாகுவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் அறிவித்தார்கள். நான் படித்த ஒரு கட்டுரை அதைப் பாராட்டுகிறது. முன்பு 2009இல் கோபன்ஹேகன் மாநாட்டில் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்றார்கள், கெடு 2020. எட்டியது 2022இல்தான். பாகுவில் சொன்னது, 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலராம். சரி, வரட்டும். ஆனால் இதுவரை வந்ததில் பெரும்பங்கு கடன் என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. 2017 வறட்சியில் பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் ஆயிரம் அடிக்கு போர்வெல் போட்டும் புழுதிதான் பறந்தது. தென்னை காய்ந்தது, போர்வெல்லுக்கு வாங்கிய கடன் காயவில்லை. அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் வர எத்தனை வருசப் போராட்டம்! (அதுவும் எங்கள் ஊருக்கு வராது.) சோலார் பண்ணைக்கு முதல் போட்டால் லாபம் உண்டு. குளம் தூர்வார எவன் போடுவான்? அதற்குத்தானே திருப்பிக் கேட்காத பணம் வேண்டும்?