போனதே! போய்த்தான் செத்தது

கடல் சூடாவதால் திமிங்கலங்கள் படும் பாட்டைப் பற்றிய என் பதிவுக்குக் கீழே நேற்று வந்த அந்தக் கமென்ட்டைப் பார்த்திருப்பீர்கள். "கடல் சூடானா திமிங்கலம் வேற பக்கம் நீந்திப் போகட்டும், துடுப்பு எதுக்கு இருக்கு?" அதற்கு 47 சிரிப்பு எமோஜி. சிரித்தவர்களில் மூன்று பேர் எனக்குப் பல வருடப் பழக்கம்.

சரி, போகட்டும் என்கிறீர்கள். போனதே! அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோர மேய்ன் வளைகுடா சூடேறச் சூடேற, வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலத்தின் சாப்பாடான அரிசிமணி அளவு உயிரிகள் அங்கே குறைந்தன, அதுவும் இரை தேடி வடக்கே கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போனது. நீங்கள் சொன்ன யோசனைதான் ஐயா. அங்கே வந்து மோதும் கப்பல்கள், போதாததற்கு உடம்பில் சுற்றிக்கொள்ளும் நண்டுக் கூண்டுக் கயிறுகள். 2017இல் கனடாக் கடலில் மட்டும் 12 செத்தன. இன்று அந்த இனத்தில் 400கூட மிச்சமில்லை. வேறு பக்கம் போனால் அங்கேயும் நாம்தானே இருக்கிறோம்?

போகவே வழியில்லாதவை? 2023இல் வறட்சியும் வெயிலும் சேர்ந்து அமேசானின் டெஃபே ஏரித் தண்ணீர் 39 டிகிரியைத் தாண்டியது. கடும் காய்ச்சலில் நம் உடம்பு கொதிக்கும் சூடு அது. 150க்கும் மேற்பட்ட ஆற்று டால்பின்கள் செத்தன. அவற்றுக்கும் துடுப்பு இருந்தது.

"மீனவர் பிழைப்பு என்னாவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, முழுப் பதில் என்னிடம் இல்லை. கடலடியிலிருந்து மேல்மட்டம் வரை எப்போதும் செங்குத்தாக நிற்கும் கயிறு இல்லாமலே நண்டுக் கூண்டை மேலே கொண்டுவரும் கருவிகள் வந்திருக்கின்றன, விலைதான் அதிகம். அந்தச் செலவை மீனவர் தலையில் கட்டக் கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன். "நீ பிளாஸ்டிக்கே தொடுவதில்லையா?" தொடுகிறேன். அதனால்? கப்பல் 10 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டரில் போனால் மோதிச் சாவது வெகுவாகக் குறையும். நான் பிளாஸ்டிக் வாளியில் குளிப்பதால் கப்பல் மெதுவாகப் போகக் கூடாதா?

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. ஒருமுறை டால்பின் பார்க்கப் படகேறினேன். ஒரு தாய், ஒரு குட்டி, சுற்றிலும் ஐந்து படகுகள். அவை மூழ்கி எழுந்த பக்கமெல்லாம் எஞ்சினைத் திருப்பினார்கள். "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" என்று கத்தியவர்களில் நானும் உண்டு. தாய் ஒவ்வொரு முறையும் குட்டிக்கும் படகுக்கும் நடுவில் வந்துகொண்டே இருந்தது. அந்த வீடியோ இன்னும் போனில் கிடக்கிறது. அழிக்கவும் மனசில்லை, யாருக்கும் காட்டவும் முடியவில்லை.

சிரித்த மூன்று பேரில் ஒருவன் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "போதும்டா, பாவம், திரும்பச் சொல்லு" என்று முதலில் சொன்னதே அவன்தான். நேற்று எதற்குச் சிரித்தாய் என்று கேட்கத்தான் இன்பாக்ஸைத் திறந்தேன். அங்கே ஒரு வரிகூட வரவில்லை, இங்கே இவ்வளவு எழுதிவிட்டேன்.