அந்தக் குண்டு வெடிக்காது, விழும்

மூன்று நாட்களாக அந்தக் காணொளியை எனக்கே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும் நண்பர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளலாம், நான் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடலூர் தேவனாம்பட்டினத்தில் நடந்த வரலாற்று நடையில், புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகளுக்கு அருகே, பழைய பீரங்கிக் குண்டுகளைப் பற்றி வழிகாட்டி சொன்னதை மறுத்து, "குண்டு வெடிக்காதுங்க" என்று நான் சொல்லும் நான்கு விநாடியை மட்டும் வெட்டியெடுத்து, பின்னணியில் சிரிப்பொலி சேர்த்து, 'வெடிக்காத குண்டு' என்று தலைப்பும் வைத்திருக்கிறார்கள். என் உடல்வாகை அறிந்தவர்களுக்கு அந்தத் தலைப்பின் சிலேடை புரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது.

வெட்டப்பட்ட மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

1690ஆம் ஆண்டு அந்தக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்துத் தரப்பட்டது. எவ்வளவு நிலம் என்பதைத் தீர்மானித்தது ஒரு பீரங்கி. பல திசைகளிலும் சுட்டார்கள், குண்டு போய் விழுந்த தொலைவுக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனியின் கைக்கு வந்தன, அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயரும் நிலைத்தது. ஆங்கிலேயர் இதைக் குறிக்கப் பயன்படுத்திய 'ராண்டம் ஷாட்' என்ற தொடரைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு சுட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைய பீரங்கிக்காரர்களின் பேச்சில், குழாயின் வாயை உயர்த்தி முழுத் தொலைவுக்கும் சுடுவதற்கு அதுதான் பெயர்.

இவ்வளவு அருமையான செய்தியைத்தான் நமது வழிகாட்டித் தம்பி, "குண்டுகள் வெடித்துச் சிதறி ஊர்களெல்லாம் எரிந்ததால் குண்டு கிராமம்" என்று சொன்னார். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். காசு கொடுத்து வாங்கி, வரி வசூலிக்கப்போகும் ஊரை எவனாவது கொளுத்துவானா? இந்தக் கேள்வியையும் அங்கேயே கேட்டேன். அது காணொளியில் இல்லை.

மறுபடியும் சொல்கிறேன்: அக்காலப் பீரங்கிகள் பெரும்பாலும் சுட்டது கெட்டியான உருண்டை. முதலில் கல், பிறகு இரும்பு. வெடிப்பது குழாய்க்குள் கெட்டித்த மருந்து மட்டுமே. ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பும், மீதிக்குக் கரியும் கந்தகமும் கலந்த அந்த மருந்தைக் குழாயின் அடியில் இட்டு, அடைப்பு வைத்துக் குத்தி, குண்டைத் தள்ளி, பின்பக்கத்துச் சிறு துளையில் நெருப்பைக் காட்டுவார்கள். மருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டை வெளியே தள்ளும். அதோடு வெடி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் குண்டிடம் இருப்பது எடையும் வேகமும்தான்.

1453இல் கான்ஸ்டான்டிநோபிளின் மதிலை இடிக்க ஓர்பன் என்ற ஹங்கேரிய வார்ப்பாளர் ஓட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மதுக்குச் செய்துகொடுத்த ராட்சதப் பீரங்கி, அரை டன்னுக்கும் கூடுதலான எடையுள்ள கல்லுருண்டைகளை வீசியது. கல் எப்படி ஐயா வெடிக்கும்? 1494இல் பிரான்சின் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் கொண்டுபோன வெண்கலப் பீரங்கிகள் இரும்புக் குண்டுகளைச் சுட்டன. ஒரே பருமனுள்ள கல்லைப்போல் இரும்பு ஏறக்குறைய மூன்று மடங்கு எடை என்பதால், சிறிய வாயுள்ள, குதிரைகள் இழுத்துச் செல்லக்கூடிய பீரங்கியே மதில்களுக்குப் போதுமானதாயிற்று. எடை கூடியதுதான் அங்கே நிகழ்ந்த புரட்சி.

வெடிக்காத இரும்பால் என்ன செய்துவிட முடியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்தவிட்டு விளையாடியிருப்பீர்கள். தாழ்வாகச் சுட்ட குண்டும் கெட்டியான தரையில் அப்படித்தான் தத்தித் தத்திப் போகும். வரிசையாக நிற்கும் ஆட்களின் நடுவே போனால் ஒரே குண்டு பலரை வீழ்த்தும். வேகம் தணிந்து பந்துபோல் உருண்டுவரும் குண்டைக் காலால் நிறுத்தப் போய்ப் பாதத்தை இழந்தவர்கள் உண்டு. 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியன் தாக்குதலைத் தாமதமாகத் தொடங்கியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, முந்தின இரவின் மழையில் தரை சகதியாகியிருந்தது என்பதாகும். சகதியில் குண்டு தத்தாது, புதைந்துவிடும். விழுந்ததும் வெடிக்கிற குண்டாக இருந்தால், தரை காய்வதற்காக அவர் அவ்வளவு கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை.

இதை நான் புத்தகத்தைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் என் அப்பா ஒரு சிறிய பவுண்டரி வைத்திருந்தார். மோட்டார் பம்பு உறுப்புகள்தான் முக்கிய வேலை என்றாலும், பள்ளிகள் திறக்கும் மாதங்களில் விளையாட்டுச் சாமான் கடைக்காரர் ஒருவருக்காகக் குண்டு எறிதலுக்கான குண்டுகளையும் வார்ப்போம். ஆண்கள் எறியும் குண்டு 7.26 கிலோ, அதாவது 16 ராத்தல் (பவுண்டு). பீரங்கிகளையும் அவை சுடும் குண்டின் எடையைச் சொல்லித்தான் அழைத்தார்கள்: 12 ராத்தல், 24 ராத்தல், 32 ராத்தல் என்று. பத்து வயதில் நான் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தது, ஏறத்தாழ ஒரு நடுத்தரப் பீரங்கியின் குண்டைத்தான். மேல்பெட்டி, கீழ்ப்பெட்டி என இரண்டிலும் மண்ணை இறுக்கி, அரை உருண்டைப் பள்ளம் எடுத்து, சேர்த்து மூடி, உருகிய இரும்பை ஊற்றிவிட்டால் ஆயிற்று. குளிர்ந்ததும் நடுவில் ஓடும் தழும்பைத் தேய்க்க வேண்டும். கெட்டி உருண்டை வார்ப்பது அவ்வளவு எளிது.

உள்ளே வெற்றிடமுள்ள உருண்டை வேறு கதை. பெட்டிக்குள் 'கோர்' எனப்படும், மண்ணாலான ஓர் உள்ளச்சை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். அது மயிரிழை நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்துவிடும். கோர் நகர்ந்த ஒரே ஒரு பம்பு உறுப்புக்காக அப்பா அன்று மதியச் சோறு உண்ணாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வெடிக்கும் குண்டு என்றால் இப்படிப்பட்ட வார்ப்பு. அதனுள் மருந்து, அதற்கு ஒரு துளை, துளையில் மெதுவாக எரியும் திரி. திரி முந்தினால் குண்டு குழாய்க்குள்ளேயே வெடித்து, சுடுபவனைத்தான் கொல்லும்.

இந்த இடத்தில், "அப்படியானால் வெடிக்கும் குண்டு இருந்ததை ஒத்துக்கொள்கிறீர்கள்" என்று துள்ளிக்கொண்டு வருவீர்கள். ஆம், இருந்தது. நான் எங்கே மறுத்தேன்? குட்டையான குழாயுள்ள மோர்ட்டாரில் வைத்து மதிலுக்கு மேலாக வளைத்து வீசினார்கள். நீண்ட குழாயுள்ள பீரங்கியில் நேராகச் சுடுவதற்கு ஏற்ற வெடிகுண்டுமுறையைப் பெக்சான் என்ற பிரெஞ்சு அதிகாரி உருவாக்கிக் கப்பற்படைகளை மாற்றத் தொடங்கியது 1820களில். கடலூரில் நிலம் அளந்த பிறகு 130 ஆண்டுகள் கழித்து! சரி, தீ வைக்கும் குண்டு? அதுவும் உண்டு. 1782இல் ஜிப்ரால்டரில் இரும்புக் குண்டைப் பழுக்கக் காய்ச்சிச் சுட்டுத்தான் மிதக்கும் பீரங்கித் தளங்களை எரித்தார்கள். மருந்துக்கும் செந்தழலான குண்டுக்கும் நடுவே ஈரமான அடைப்பை வைப்பார்கள். அந்தக் குண்டும் மரத்தில் பதிந்து எரித்ததே தவிர, வெடிக்கவில்லை.

திரைப்படங்களில் வெடிக்கிறதே என்ற கேள்விக்குப் பதில் எழுதும் எண்ணம் எனக்கில்லை. திரைப்படத்தில் ஒருவர் பத்துப் பேரை ஒரே உதையில் பறக்க விடுகிறார். அதையும் கல்வெட்டில் பொறிக்கலாம்.

நம்முடைய மொழி இதில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதுதான் என்னை வாட்டுகிறது. குண்டு என்றால் உருண்டையானது. வெடிக்கிற குண்டைச் சொல்ல, வெடி என்ற சொல்லைத் தனியாக முன்னால் ஒட்டித்தானே வெடிகுண்டு என்கிறோம்? குண்டூசியின் தலை வெடிக்கிறதா? என்னைக் குண்டு என்று அழைத்துச் சிரித்தவர்கள்கூட, நான் வெடிப்பேன் என்று நினைத்து அழைக்கவில்லை.

"பைசா வாங்காமல் ஊர் வரலாறு சொல்லும் இளைஞனை எல்லோர் முன்னிலையிலும் மடக்கியது தவறு" என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதை நாற்பது பேர் கேட்டார்கள், அதில் பதினைந்து பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான் தனியாகச் சொன்ன திருத்தம் அந்தப் பிள்ளைகளின் காதுக்கு எப்படிப் போய்ச் சேரும்? பிழையை மேடையில் சொல்லலாம், திருத்தத்தை மட்டும் மரத்தடியில் ஒதுங்கி நின்று சொல்ல வேண்டும் என்பது என்ன வழக்கம்? "பெரியவர் வகுப்பெடுக்க வந்துவிட்டார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் யாருடையது என்பதும் எனக்குத் தெரியும். என் வீட்டில் எத்தனையோ முறை காப்பி குடித்த குரல்தான்.

போகட்டும். உண்மையில் அன்று நான் சொல்ல விரும்பியது வேறொன்று. பெஞ்சமின் ராபின்ஸ் என்று ஓர் ஆங்கிலக் கணித அறிஞர் இருந்தார். தொங்கவிட்ட கனமான ஊசலின் மரப்பலகையில் துப்பாக்கிக் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு பின்னுக்குப் போகிறது என்பதை வைத்துக் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர். 1742இல் அதை நூலாக வெளியிட்டார். குண்டின் பாதையைக் கணக்கிடும்போது காற்றின் தடையைப் பெரிதாக மதிக்காமல் விட்டுவந்தவர்களுக்கு, அந்தத் தடை குண்டின் எடையைக் காட்டிலும் பன்மடங்கு வலியது என்று காட்டினார். கணித மாமேதை ஆய்லரே அந்த நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதினார். கம்பெனி ராபின்ஸைக் கோட்டைகளைச் செப்பனிடும் பொறியாளராக இங்கே அனுப்பியது. 1751இல் காய்ச்சல் கண்டு அவர் இறந்தது இதே புனித டேவிட் கோட்டையில்தான். எத்தனை தொலைவு போகிறது என்று பீரங்கியால் நிலம் அளந்த இடத்துக்கே, குண்டு ஏன் அவ்வளவு தொலைவுதான் போகிறது என்று கண்டவர் வந்து சேர்ந்திருக்கிறார். நாம் நின்ற இடத்தைச் சுற்றி அவ்வளவு இருந்தது. அந்த நடையில் அவர் பெயரை யாருமே உச்சரிக்கவில்லை.

நான் உச்சரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு, கடற்கரைப் பக்கம் கையைக் காட்டி, இரண்டு நிமிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். நீல நிறச் சீருடை போட்ட ஒரு சிறுமி, ஊசலை எப்படித் தொங்கவிட்டார்கள் என்றுகூடக் கேட்டாள். அதுவும் உங்கள் கைப்பேசியில் பதிவாகியிருக்கும். அந்த நான்கு விநாடியைப் போட்டவரே இதையும் போடட்டும்.