மூச்சை விடச் சொல்லாதீர்கள், தட்டைக் கழுவுங்கள்

மாட்டுப் பொங்கலன்று காலை பதினான்கு பேருக்குக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். உலை கொதித்து, நொய் வெந்து, கேழ்வரகு மாவைக் கொட்டியாகிவிட்டது. அந்த நேரத்தில் துடுப்பை ஒரு நொடி நிறுத்தினாலும் கட்டி தட்டிவிடும். அப்போதுதான் பெங்களூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்: "அண்ணி, ரொம்ப டென்ஷனாக இருக்கிறீர்கள். மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடுங்கள்."

எதை இழுப்பது? களி ஆவியையா?

பண்டிகைக் கால மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தாளாம். எனக்கும் அனுப்பியிருக்கிறாள். நடை, தியானம், நல்ல தூக்கம். நாலரைக்கு எழுந்து வாசல் தெளிப்பவளுக்கு நல்ல தூக்கமாம்! எழுந்து வந்து நாலு தம்ளரைக் கழுவலாம் என்று அந்த வீடியோவில் ஒருவரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"வருடத்துக்கு ஒரு முறைதானே வருகிறார்கள்" என்கிறார் என் கணவர். பொங்கலுக்கு ஒரு முறை, மாம்பழத்துக்கு ஒரு முறை, ஆடிப்பெருக்குக்கு ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை. தர்மபுரியில் வீடு இருந்தால் அது ஒகேனக்கல் போகிறவர்களின் சத்திரம். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் போன் வரும்: "சாப்பாடு ஆகிவிட்டதா?" ஆடியிலாவது கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டால் பரிசலை நிறுத்துவார்கள், பயணமும் ரத்தாகும். தையில் எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

இன்று காணும் பொங்கல். நாற்பத்தைந்து கிலோமீட்டர் போய், வெயிலில் பரிசலுக்கு வரிசையில் நின்றோம். அங்கே மீனை வாங்கிக் கொடுத்தால் குழம்பு வைத்துத் தரப் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு வேளையாவது அடுப்பைப் பார்க்காமல் சாப்பிடலாம் என்று நாக்கில் எச்சில் ஊற நின்றேன். கொழுந்தனார் என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணி கைப்பக்குவம் வருமா?" மூன்று கிலோ கட்லாவைப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். ராத்திரி எட்டு மணிக்கு, புழக்கடையில், டார்ச் வெளிச்சத்தில் செதில் உரித்தேன். நகக்கண்ணில் இன்னும் நாற்றம் போகவில்லை. அதற்குப் பாராட்டு வேறு!

நாளை கிளம்புவதற்கு முன் மறுபடியும் களி வேண்டுமாம். மாவு இருக்கிறது. துடுப்பைக் கூடத்தில், நாத்தனார் தலைமாட்டில் சாத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.