அருவிக்குத் தார்ச்சாலை வேண்டாம், வெள்ளகெவிக்கு வேண்டும்

சென்ற வாரம் மதுரையிலிருந்து வந்திருந்த அக்காள் மகனை டால்பின் நோஸ் பாறைக்கு அழைத்துச் சென்றேன். வட்டக்கானலில் காரை நிறுத்திவிட்டு, மரவேர்களே படிக்கட்டாகக் கிடக்கும் அந்தச் சரிவில் கால் மணி நேரம் இறங்கியிருப்போம், "மாமா, இது வரைக்கும் ஒரு ரோடு போட்டால் என்ன?" என்று கேட்டான். கொடைக்கானலுக்கு வருகிறவர்களில் பலரும் கேட்பதுதான். மூச்சு வாங்கிக்கொண்டே நான் சொன்ன பதில் அரைகுறையாக இருந்ததால், இங்கே முழுதாக எழுதுகிறேன்.

சாலையோரத்து அருவி எப்படி ஆகும் என்பதைப் பார்க்க வெள்ளி நீர்வீழ்ச்சியில் பத்து நிமிடம் நின்றால் போதும். வத்தலக்குண்டு சாலையில் ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்பாக, ஏறத்தாழ 55 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்த நீர் கொடைக்கானல் ஏரியின் உபரி நீர். ஊருக்குள் ஏரியில் எது கலந்தாலும் அதுவும் சேர்ந்தே அங்கே விழுகிறது. வேன்கள் நிற்கின்றன, சோளக்கதிர் விற்கிறது, குரங்கு பறித்துக்கொண்டு ஓடுகிறது, படம் எடுத்தவர்கள் ஏறிக் கிளம்பிவிடுகிறார்கள். அதே சாலையில் டம்டம் பாறையிலிருந்து தெரியும் தலையாறு அருவியோ 297 மீட்டர் உயரம். பள்ளத்தாக்குக்கு அப்பால் வெள்ளை நூலாகத் தொங்கும் அதை எட்ட நின்று பார்க்கத்தான் முடிகிறது. வண்டி அதன் காலடிக்குப் போக முடியாமல் இருப்பதே அதன் அதிர்ஷ்டம் என்பேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், உரிய அனுமதி பெற்று, உள்ளூர்க்காரர் ஒருவர் வழிகாட்ட, நாங்கள் நான்கு பேர் வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி என்ற மலைக்கிராமத்தின் வழியாக, அடிவாரத்திலுள்ள கும்பக்கரை அருவிக்கு நடந்து இறங்கினோம். ஏறுவதைவிட இறங்குவது எளிது என்று நினைத்திருந்த என் அறியாமையை முழங்கால்கள் மூன்று நாள் எடுத்துச் சொல்லின. காலையில் சோலைக்குள் ஸ்வெட்டரும் அட்டைப்பூச்சிக்கு உப்பு மூட்டையுமாகத் தொடங்கிய நடை, காப்பித் தோட்டங்களைக் கடந்து, பிற்பகலில் வியர்வை கொட்டும் வெக்கையில் முடிந்தது. ஒரே நாளில் குளிர்காலமும் கோடைகாலமும் காலுக்கடியில் மாறுவதைக் காரில் போகிறவர் அறிய மாட்டார். அவருக்குக் காது அடைப்பதோடு சரி.

வெள்ளகெவி எல்லையில் வழிகாட்டி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஊரையே கோயிலாக மதிப்பதால் அங்கே யாரும் காலணி அணிந்து நடப்பதில்லை. நாங்களும் கழற்றினோம். எதிரே வந்த குதிரையின் ஒரு பக்கம் அரிசி மூட்டை, மறுபக்கம் எரிவாயு உருளை; பின்னால் வந்தவர், "மேட்டுப் பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை தள்ளிவிடும்" என்றார். திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் கடுங்காப்பி கொடுத்துவிட்டு, "நீங்கள் ஆசைக்கு நடக்கிறீர்கள், நாங்கள் ஆஸ்பத்திரிக்கு நடக்கிறோம்" என்றார். பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டுதான் அந்தச் சரிவில் ஏற வேண்டும்.

அங்கேதான் என் கருத்து இரண்டாகப் பிரிந்தது. அந்த ஊருக்குச் சாலை வேண்டும். அதன் அழகு கெட்டுவிடும் என்று, மூன்று நாள் முழங்கால் வலியோடு தப்பித்துக்கொண்ட நான் சொல்வது அநியாயம். ஆனால் அந்த மக்கள் கேட்பது ஆம்புலன்ஸும் சரக்கு ஜீப்பும் போகிற சாலை. அதையே காரணமாகக் காட்டி, பாறை முனைக்கும் அருவிக்கும் வாகன நிறுத்தம் வரை கொண்டுபோவது வேறு கணக்கு. ஊர்ச் சாலை ஊரோடு நிற்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இங்கே வர இ-பாஸ் எடுக்கிறோம். மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போன பிறகும், இன்னும் நான்கு இடங்களுக்கு வண்டி போக வழி கேட்பது எனக்கு விளங்கவில்லை.

நடைபாதை என்றால் யாரும் எப்படியும் போகலாம் என்று பொருளில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தேனி, திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்கள் மறக்கவில்லை. புல் காய்ந்திருக்கும் மாதங்களில் பாதையை மூடுவது சரி, வழிகாட்டி கட்டாயம் என்பதும் சரி. அந்த வழிகாட்டிக் கூலி வெள்ளகெவி போன்ற ஊர்க்காரர்களின் கைக்குப் போனால் இன்னும் சரி.

கும்பக்கரையில் பாறை குடைந்த பள்ளங்களுக்கு யானை கெஜம், உரல் கெஜம், பாம்பு கெஜம் என்று பெயர். வட்டக்கானல் பக்கம் மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். வனத்துறை குளிக்கத் தடை போடுவதும் அதனால்தான். நாங்கள் இறங்கிய அன்று தடையில்லை. உரல் கெஜத்துக்குப் பக்கத்தில் ஓரமாகத் தேங்கிய நீரில் முழங்கால் வரை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். காலையில் வட்டக்கானலில் நாங்கள் தாண்டிய ஓடையின் தண்ணீரும் அதில் இருந்திருக்கும். எங்களைவிட வெகு முன்னதாகவே வந்து சேர்ந்திருக்கும்.